கலியாணக் கசெற்றின் வால்

தாரிணி அக்காவின் சாமத்திய வீட்டு வீடியோவை நாங்கள் சிரிப்பதற்காகத்தான் போட்டோம். வேறு ஒரு நோக்கமும் இல்லை. வெளியே மழை, உள்ளே பிட்சா, வால்தம்ஸ்டோவில் அவருடைய வீட்டு சோபாவில் நாங்கள் இரண்டு பேர். பெரிய பிள்ளையானதற்கு ஹோல் என்று நாங்கள் சொல்கிற மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஊரைக் கூட்டி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வருகிற அந்தக் கொண்டாட்டத்தின் வீடியோ ஒன்றாவது இல்லாத தமிழ் வீடு லண்டனில் இருக்காது. தாரிணி அக்கா என் பெரியம்மாவின் மகள். இப்போது அவருக்கே அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள். திரையில் அவர் அழுகிற முகத்தோடு ஆரத்தித் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“என்ர தலையைப் பார் பிரசா. கொண்டையோ கோபுரமோ அது?”

“முகத்தில ஒரு கிலோ மா கிடக்கு அக்கா. ரொட்டி சுடலாம்.”

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். மேடைக்குப் பக்கவாட்டில், பெரிய பைகள் வைத்த தொளதொளத்த கால்சட்டை, தலையில் ஒரு கறுப்புத் துணி, கையில் மைக். நான் பாதிக் கடியில் எழும்பிவிட்டேன். அவர் பாட்டுப் பாடவில்லை. பாட்டுப் பாடுகிறவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள். மைக் உதட்டில் ஒட்டியிருந்தது. மற்றக் கை மூச்சு விடுகிற இடமெல்லாம் காற்றை வெட்டியது. ஒரு தோள் முன்னால் வந்தது. அது ராப் பண்ணுகிற உடம்பு. நான் பதினான்கு வயதிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிற அதே உடம்பு.

ஆனால் ரீவியிலிருந்து வந்த சத்தம் வேறு. யாரோ ஒரு ஆண், புல்லாங்குழலோடு, மல்லிகைப் பூவைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். சினிமாப் பாட்டு.

எங்கள் ஆட்களின் வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான். ஹோலில் நடந்த சத்தத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, மேலே படப்பாட்டு போட்டுவிடுவார்கள். ஐயர் வாயசைப்பார், பாட்டு ஓடும். மாமா பேசுவார், பாட்டு ஓடும். இதுவரை அது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது.

“ஆரக்கா இது?”

“றூபினி அக்கா. எங்கட ஊர் ராசன் அங்கிளின்ர தங்கச்சி.” தாரிணி அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தார். “அவ எனக்குத்தான் பாடினவ. அடுத்த நாள் எனக்குக் கணக்குச் சோதனை, அதைப் பற்றியும் ஏதோ சொன்னவ. அண்டைக்கு முழுநாளும் என்னைப் பாத்துக் கதைச்ச ஒரே ஆள் அவதான். மற்றவையெல்லாம் சேலையோட கதைச்சினம்.”

நான் அந்த இடத்தை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன் என்று தெரியாது. நான் ஏன் அப்படித் துள்ளினேன் என்றும் சொல்ல வேண்டும். நூலகத்தின் கீழ்த் தளத்தை எடுத்து ஒரு நிகழ்ச்சிக்கு நான் ஓடிக்கொண்டிருந்தேன்: ஹிப்ஹொப்பில் முதன்முதலில் மைக் பிடித்த பெண்களைக் கொண்டாடுகிற ஒரு மாலை. நியூயோர்க் பூங்காக்களில் மின்கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்து விருந்து வைத்த காலத்தில், பையன்களுக்கு நடுவில் புகுந்து நின்ற பெண்கள். அவர்கள் இல்லாவிட்டால் எனக்கு வாயே இல்லை. சுவர் முழுக்க அவர்களின் படங்கள் அச்சடித்து வைத்திருந்தேன். அந்தச் சுவரில் எங்கள் ஆள் ஒருத்தியும் இல்லை. இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஆர்ச்வேயில், முருகன் கோயில் ஏற்றத்துக்குக் கீழே, ராசன் அங்கிளின் வீட்டுக் கதவைத் தட்டினேன். றூபினி அங்கேதான், அண்ணன் குடும்பத்தோடு, மேல்மாடியில் ஒரு அறையில் இருந்தார். மெலிந்த முகம், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை.

“அன்ரி, நான் பிரசாந்தினி. தாரிணி அக்காவின்ர...”

“அன்ரியோ?” தகரத்தில் மணல் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுதான் அவர் குரல் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. “ராப் அடிக்கிற எம்சி ஒருத்தியை அன்ரி எண்டு கூப்பிட்டா மைக்கே வெக்கத்தில செத்துப்போகும். அக்கா எண்டு சொல்லு.”

நான் வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அவர் கட்டிலில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லெய்ற்றனில் ஒரு உயர்ந்த தொடர்மாடியின் உச்சியில், களவாக ஓடிய ரேடியோ ஒன்று இருந்ததாம். லைசென்ஸ் இல்லை, ஜன்னலில் போர்வை. எம்சிகள் எல்லாம் பொடியன்கள். கடைசியில் மிச்சமிருக்கிற நேரத்தை இவருக்குக் கொடுப்பார்களாம்.

“நான் தமிழில அடிப்பன். அவங்களுக்கு ஒண்டும் விளங்காது. அவங்களைத்தான் ஏசுவன், நல்லாக் கழுவி ஊத்துவன். கைதட்டுவாங்கள்.” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரம் எடுத்தது.

“ரெக்கோர்டிங் ஏதும்?”

“கசெற் இருந்தது. அதுக்கு மேல அம்மா கோயில் பாட்டுப் பதிஞ்சவ.”

“சாமத்திய வீட்டில பாடினது ஞாபகம் இருக்கோ அக்கா?”

கையைத் தூக்கினார். அதே வெட்டு. வீடியோவில் பார்த்த அதே இடத்தில் மூச்சு.

“சோடிச்ச கதிரையில சோகமா ஒரு பிள்ளை,
சோறு தின்ன வந்த சனம் அவளைக் கேக்கேல்லை...”

அவ்வளவுதான். கை மேலே நின்றபடி நின்றது. “மிச்சம் வரேல்லை. இருவத்தஞ்சு வரியம் ஒருத்தரும் கேக்கேல்லை, அதான் போயிட்டுது.”

“ஏன் அக்கா விட்டனீங்கள்?”

“நான் விடேல்லை. அண்டைக்கு அண்ணைதான் அறிவிப்பாளர். நடுவில வந்து மைக்கை நிப்பாட்டச் சொன்னார். நான் குடுக்கேல்லை, தெரியுமோ? நிலத்தில வீசி அடிச்சுப்போட்டு, நிமிந்து நடந்து வெளியில போனனான். ஹோலே வாயைத் திறந்துகொண்டு நிண்டது.” அதைச் சொல்லும்போது அந்த மெலிந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அதுக்குப் பிறகு ரேடியோவுக்குப் போக விடேல்லை. கலியாணம் பேசிப் பாத்தினம். மேடையில ஆம்பிளை மாதிரி நிண்ட பெட்டை எண்டு ஒண்டும் சரிவரேல்லை. பாமசி கவுண்டரில மருந்து குடுக்கிற வேலை. ‘ஒரு நாளைக்கு ரெண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு.’ அவ்வளவுதான் நான் சனத்துக்குச் சொன்னது.”

கதவு திறந்து ராசன் அங்கிள் வந்தார். இராஜேந்திரன் முழுப்பெயர், பெரிய உடம்பு, மெதுவான நடை. தேத்தண்ணியை இரண்டு கோப்பைகளுக்குள் மாறி மாறி ஊற்றி ஆற்றிக்கொண்டே வந்தார். விரலை முக்கிச் சூடு பார்த்துவிட்டுத்தான் தங்கையிடம் கொடுத்தார்.

“மெல்ல மெல்லக் குடி றூபி. பிள்ளை, அவவைக் கனக்கக் கதைக்க விடாதையும்.” போய்விட்டார்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது, கொண்டுவாறது எல்லாம் அண்ணைதான்,” என்றார் றூபி அக்கா. “வாற வியாழக்கிழமை குரல்வளையை முழுசா எடுக்கினம். கழுத்தில ஒரு ஓட்டை. அதாலதான் இனி மூச்சு.” கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சிகரெட் இல்லை, குடி இல்லை. சும்மா பூட்டி வைச்ச குரலுக்குத்தான் கான்சர் வந்தது. ஆஸ்பத்திரிப் பிள்ளை ஒண்டு சொல்லுது, இப்ப இருக்கிற குரலைப் பதிஞ்சு வையுங்கோ எண்டு. இதையோ? இது வாடகைக்கு வந்தது.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பிரசா, அந்த வீடியோவில சத்தம் எங்கையாவது கிடந்தா, ஒருக்காக் கேக்கவேணும். வியாழனுக்கு முந்தி. என்ர குரல் எப்பிடி இருந்தது எண்டு எனக்கே தெரியேல்லை.”

“எடுத்துத் தாறன் அக்கா.” எங்கிருந்து எடுப்பேன் என்று யோசிக்காமலே சொன்னேன். என் வாய் அப்படித்தான்.

வீடியோ எடுத்தவர் அம்பலவாணன். டிவிடி உறையில் பெயர் பொன் எழுத்தில் இருந்தது. வெஸ்ட் ஈலிங்கில், அம்மன் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டுக் கராஜுக்குள் அவருடைய ஸ்ரூடியோ. இப்போது மகன் ட்ரோன் பறக்கவிடுகிறான், இவர் எடிட் மட்டும்.

“ஓ, அந்தப் பெட்டை! கால்சட்டையோட வந்து கத்தினது.”

“கத்தேல்லை அங்கிள். ராப்.”

“ராப்போ ராப்போசனமோ, எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை.”

“ஏன் அங்கிள் சத்தத்தை எடுத்தனீங்கள்?”

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “நான் எங்க எடுத்தனான் மோனை? பாட்டுப் போட்டன். எல்லாருக்கும் போடுறதுதானே? ஹோல் சத்தம் ஆருக்கு வேணும்? கதிரை இழுக்கிற சத்தம், குழந்தையள் கத்துற சத்தம், சமையல்காரன் ஏசுற சத்தம். அதை வைச்சுக்கொண்டு கனடாவில இருக்கிற ஆக்களுக்குக் காட்டேலுமோ? பாட்டுப் போட்டா வடிவா இருக்கும்.”

“கமராவில எடுத்த முதல் கசெற் இருக்குமே? அதில சத்தம் இருக்கும்தானே?”

“இருந்தது. அந்த மாசம் வரிசையாக் கலியாணம். புதுக் கசெற் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ராசன்ர கலியாணத்தை எடுத்தனான்.”

“எந்த ராசன்?”

“அந்தப் பெட்டையின்ர தமையன்தான். இராஜேந்திரன்.”

நான் கராஜ் கதிரையில் இருந்துவிட்டேன். தங்கையின் குரலுக்கு மேல் அண்ணனின் கலியாணம். அம்பலவாணன் அங்கிளுக்கு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். நாடியைச் சொறிந்தார்.

“அண்டைக்கு மழை. கலியாணம் கெதியா முடிஞ்சது. கசெற் முழுக்க ஓடியிராது. கடைசியில, வாலில, பழசு கொஞ்சம் கிடக்கும். கிடக்காமலும் போகும்.”

“கசெற் எங்க அங்கிள்?”

“ராசனிட்டைத்தான். அவன் என்னோட சண்டை. தாலி கட்டேக்க பாட்டுப் போட்டிட்டன் எண்டு. ‘எனக்குக் கெட்டிமேளச் சத்தம்தான் வேணும், நடந்த சத்தம் வேணும்’ எண்டு நிண்டு, முதல் கசெற்றைப் பறிச்சுக்கொண்டு போனவன்.”

அந்தக் கசெற்றைப் போடுகிற பழைய கமராவை அட்டைப் பெட்டியோடு தந்தார். நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை. வாசல்வரை வந்து கேட்டார்: “அந்தப் பெட்டைக்குத் தொண்டையில வருத்தமாமே. வேணுமெண்டா புதுசா ஒரு நல்ல பாட்டுப் போட்டுத் தரட்டே? காசு வேண்டாம்.”

ராசன் அங்கிளைச் சமையலறையில் பிடித்தேன். அவருடைய மனைவி கனகாம்பிகை அன்ரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்ட உடனேயே அங்கிள் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினார்.

“அதெல்லாம் எப்பவோ எறிஞ்சாச்சு.”

அன்ரியின் கத்தி நின்றது. அது எனக்குப் போதும்.

“அங்கிள், உங்கட கலியாணத்துக்கு ஒண்டும் ஆகாது. கடைசியில கொஞ்சம் மட்டும் பாத்திட்டு...”

“இல்லை எண்டு சொல்லுறன், பிறகென்ன கேள்வி? பழசைக் கிளறி என்ன காணப்போறீர்? அவவுக்கு வியாழக்கிழமை ஒப்பரேசன். நிம்மதியா இருக்க விடும்.”

“அண்ணை.”

றூபி அக்கா படிகளில் இறங்கி வந்திருந்தார். கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அலுமாரித் திறப்பைத் தாங்கோ அண்ணை.”

குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் ஈரக் கையோடு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். கசெற் அன்ரியின் கூறைச் சேலைக்குக் கீழே, பூச்சி உருண்டை மணத்தோடு இருந்தது. றூபி அக்காவின் அறைக்கு நேர் கீழ் அறை. இத்தனை வருடமும் அவர் அதற்கு மேலேதான் நித்திரை கொண்டிருக்கிறார்.

என் அறையில் கமராவைக் கணினியோடு இணைத்து ஓடவிட்டேன். கசெற்றை முன்னால் ஓட்டப் பயம். நாடா அறுந்தால் எல்லாம் போயிற்று. அதனால் அந்தக் கலியாணம் முழுவதையும் பார்த்தேன். இருபத்தாறு வயது ராசன் அங்கிள், மெல்லிசு, மாலைக்குள் வெட்கச் சிரிப்பு. கெட்டிமேளம் முழங்கியது. பாட்டு இல்லாமல் கேட்க அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். யாரோ குழந்தை ஒன்று “அம்மா பசிக்குது” என்று சொன்னதுகூட இருந்தது. பிறகு குடைகள், கார், மழை. திரை நீலமாகியது. கோடு கோடாக ஓடியது.

பிறகு வேறு ஒரு ஹோல்.

படத்தில் ஒன்றுமில்லை. அம்பலவாணன் அங்கிள் கமராவை மேடையிலிருந்து திருப்பிச் சாப்பாட்டு மேசைப் பக்கம் வைத்திருந்தார். வடைத் தட்டுகள். ஆனால் சத்தம் இருந்தது. ஸ்பீக்கரில் ராசன் அங்கிளின் குரல், இளமையாக, அறிவிப்பாளர் தமிழில்:

“அன்பான உறவினர்களே, இத்துடன் இந்தக் கத்தல் நிகழ்ச்சி நிறைவுபெறுகிறது. சாப்பாடு தயார். பின்பக்கமாக வரிசையில் வரவும்.”

ஹோல் சிரித்தது. பெரிய சிரிப்பு, அலை மாதிரி. அந்தச் சிரிப்புக்குப் பின்னால், மைக் இல்லாமல், வெறும் தொண்டையில்:

“அண்ணை, மைக்கைத் தாங்கோ. இன்னும் ரெண்டு வரிதான் அண்ணை. ரெண்டே ரெண்டு வரி. தாங்கோ அண்ணை. தாங்கோ.”

“பெட்டையை வெளியில கூட்டிக்கொண்டு போங்கோடா,” என்று யாரோ. அதோடு கசெற் முடிந்தது.

நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால், துள்ளினேன். அந்தக் குரல்! அடியில் மண் இருந்தது, மேலே கத்தி இருந்தது. முந்நூறு பேரின் சிரிப்பை மைக் இல்லாமல் துளைத்துக்கொண்டு வந்த குரல். இப்படி ஒரு குரல் எங்களிடம் இருந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதான், அதைச் செய்தேன். அன்று பின்னேரம் முழுவதும் இருந்து சத்தத்தைக் கழுவினேன். சிரிப்பை வெட்டினேன். ராசன் அங்கிளை வெட்டினேன். “மைக்கைத் தாங்கோ” என்பதை மட்டும் தனியாக எடுத்து, சுழலவிட்டு, கீழே கனத்த ட்ரம், வயிற்றில் இடிக்கிற பேஸ். ஹிப்ஹொப் பிறந்ததே இப்படித்தானே, யாரோ எறிந்துவிட்ட ஒரு துண்டை எடுத்துச் சுழற்றி. எங்கள் நிகழ்ச்சியின் தொடக்கப் பாட்டு இதுதான் என்று முடிவே எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை கொண்டு போனேன். அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னப் பை கட்டித் தயாராக இருந்தது. ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்துப் போட்டேன். ட்ரம் விழுந்ததும் றூபி அக்காவின் கை தானாக மேலே போனது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிறகு அந்தக் கை மெதுவாக இறங்கியது.

“ஆற்ற பாட்டு இது?”

“உங்கடதான் அக்கா! உங்கட குரல்!”

“என்ர குரல் எங்க? மேளத்துக்குக் கீழ கிடக்கு.” என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்பு மட்டும். “நீயும் பாட்டுப் போட்டுட்டாய் என்ன?”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

“வெறும் சத்தத்தைப் போடு.”

“அக்கா, அதில சனம் சிரிக்குது. அதில...”

“போடு.”

ராசன் அங்கிள் தேத்தண்ணியோடு வாசலில் நின்றதை நான் பிந்தித்தான் கண்டேன். அதற்குள் அது ஓடத் தொடங்கிவிட்டது. சாப்பாடு தயார். வரிசையில் வரவும். சிரிப்பு. மைக்கைத் தாங்கோ. ரெண்டே ரெண்டு வரி.

“திருப்பிப் போடு.”

போட்டேன்.

“திருப்பி.”

மூன்றாம் முறையும் முடிந்தது. றூபி அக்கா சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நான் வீசேல்லை,” என்றார். “இவ்வளவு காலமும் வீசினனான் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். கெஞ்சியிருக்கிறன்.”

“றூபி.” அங்கிள் உள்ளே ஒரு அடி வைத்தார். “அப்ப எனக்கு இருவத்தாறு வயசு. சனமெல்லாம் என்னைத்தான் பாத்துது. கலியாணத்துக்கு நாள் குறிச்சிருந்த நேரம். நான் என்ன செய்யிறது?”

“எனக்கு இருவத்திரண்டு அண்ணை.”

அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார். பிறகு படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு படியாக.

“அழிச்சுப்போடட்டே அக்கா?” என்று கேட்டேன்.

“விசரோ உனக்கு? எனக்கெண்டு கிடக்கிற குரல் இது ஒண்டுதான்.” மூச்சு எடுத்தார். ஒவ்வொரு சொல்லும் வெளியே வர அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. “உன்ர நிகழ்ச்சியில இதை அப்பிடியே போடு. அண்ணை சாப்பாட்டுக்குக் கூப்பிடுறது, சனம் சிரிக்கிறது, எல்லாத்தோடையும். என்னை மட்டும் வெட்டி எடுத்தா, ஆரோ சும்மா மைக் கேக்கிற மாதிரி இருக்கும். ஆரிட்டைக் கேட்டனான், ஆர் சிரிச்சது எண்டு தெரியட்டும்.”

“அந்த ரெண்டு வரி என்ன அக்கா? கடைசி ரெண்டு?”

யோசித்தார். கண்ணை மூடி, கையைத் தூக்கி, வெட்டுகிற இடத்தைத் தேடினார். கை காற்றில் அலைந்தது.

“தெரியேல்லை.”

நான் என் பையை எடுத்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, “அந்தத் தேத்தண்ணியை எடுத்துத் தா, ஆறப்போகுது,” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொற்கள் அவைதான்.

நிகழ்ச்சி கோடை தொடங்கும்போது நடந்தது. தாரிணி அக்காவின் சாமத்திய வீடு நடந்த ஹோல் இப்போது ஜிம்மாகிவிட்டது. நாங்கள் நூலகத்தின் கீழ்த் தளத்தில். சுவரில் பூங்காக்களில் மைக் பிடித்த அந்தப் பெண்களின் படங்கள். கடைசியில் றூபி அக்காவின் படம், வீடியோவிலிருந்து எடுத்தது, மங்கலானது. தாரிணி அக்கா மகளோடு வந்திருந்தார். “இவளுக்கு நான் ஹோல் எடுக்கேல்லை,” என்று மட்டும் என் காதில் சொன்னார். “மாமியார் இண்டைக்கும் என்னோட கதைக்கிறேல்லை.”

றூபி அக்கா முன் வரிசையில் இருந்தார். ராசன் அங்கிள் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் காரிலேயே இருந்தார். கழுத்துச் சால்வைக்குக் கீழே, மூச்சு போகிற ஓட்டைக்கு மேல் ஒரு சின்ன மூடி.

விளக்கை அணைத்து, படம் இல்லாமல், சத்தத்தை மட்டும் போட்டேன். “சாப்பாடு தயார்” என்றதும் எங்கள் சனத்திலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். பழக்கம். பிறகு பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவது?

நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் மைக்கை அவர் கையில் வைத்தேன். அது திட்டத்தில் இல்லை. அவர் பார்த்தார், வாங்கினார், மடியில் வைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சிக்கு ராப் பண்ண வந்திருந்த மற்றப் பிள்ளைகள் இரண்டாவது மைக்கில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பாட்டுக்கு முன்னால், அந்த இல்லாமல்போன இடத்துக்கு, இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒருத்தி பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஒருத்தி தன் அப்பாவைப் பற்றி. ஒருத்திக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத் தமிழில் சொன்னாள். சில நல்ல வரிகள். ஒன்றும் அந்த இரண்டு வரி இல்லை.

நடுவில், ஒருத்தி முடித்து அடுத்தவள் ஏறுகிற இடைவெளியில்தான் கவனித்தேன். ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இழுத்து, விட்டு, இழுத்து. றூபி அக்காவின் மடியில் இருந்த மைக் நெஞ்சுக்கு ஏறியிருந்தது, சுவிட்ச் போட்டபடி. கழுத்து ஓட்டையால் போகிற மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

ஒலி மிக்சரில் இருந்த டெனுசன் என்னிடம் குனிந்தான். “அக்கா, அந்த மைக்கைக் குறைக்கட்டே? இரையுது.”

“கையை வைச்சியெண்டா முறிப்பன்.”

அப்படியே விட்டோம். மிச்சப் பாட்டெல்லாம் அந்த மூச்சுக்கு மேலேதான் நடந்தது.

எல்லாம் முடிந்து, கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது ராசன் அங்கிள் உள்ளே வந்தார். தங்கையின் கோட் அவருடைய கையில் மடித்துக் கிடந்தது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு முன் வரிசைக்கு வந்து, அவரை எழுப்பிவிடக் கையை நீட்டினார்.

றூபி அக்கா மைக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் தொம் என்று ஒரு சத்தம் விழுந்தது. பிறகு மூச்சு, வேகமாக, மிக வேகமாக.

அண்ணனின் கை நீட்டியபடி நின்றது.